தண்ணீர் தாங்கும் தரை

தண்ணீர் கொட்டினால் என்ன ஆகும் என்று நான் மூன்றாவது தடவையாகக் கேட்டபோது, அஸ்வத் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தான்.

என் பிள்ளைதான். என்னைப் பற்றி அடுத்தவரிடம் சிரிக்கிற வயது வந்துவிட்டது.

மேஜைமேல் இரண்டு பலகைகள் இருந்தன. ஒன்று நிஜத் தேக்கு. இன்னொன்று லேமினேட், அதாவது அழுத்திய மரத்தூள்மேல் மரத்தின் போட்டோவை ஒட்டியது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். போட்டோ இன்னும் கொஞ்சம் அழகாகக்கூட இருந்தது, கல்யாண ஆல்பத்தில் எல்லாருமே அழகாக இருப்பதைப் போல.

கடைக்காரர் அக்பர் பாஷா பொறுமைசாலி. மூன்றாவது தடவையும் பதில் சொன்னார்.

"தண்ணிதாம்மா இதுக்கு ஆகாது. லேமினேட்ல உள்ள இறங்கிச்சுன்னா உப்பிக்கும், பலகையையே மாத்தணும். தேக்குன்னா உடனே துடைச்சுட்டு, காஞ்சதும் இழைச்சு பாலிஷ் போட்டா பழையபடி வந்துடும்."

அப்படியானால் தேக்கே போடுங்கள் என்றேன்.

"அம்மா, நம்மாத்துல யாரு குடம் குடமா கொட்டப் போறா? ஈரத்துணியால துடைச்சாப் போறும்," என்றான் அஸ்வத்.

யார் கொட்டப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதைக் கடையில் வைத்து அவனிடம் எப்படிச் சொல்வது?

மந்தைவெளி ஃப்ளாட்டில், ஹாலில், அவன் அப்பா படுத்திருக்கிறார். காற்று நன்றாக வரும் என்று கட்டிலை அங்கே இழுத்துப் போட்டது நான்தான். மஞ்சள் காமாலைதான், கீழாநெல்லி கொடுக்கிறேன், சரியாகிவிடும் என்று பெங்களூரில் இருந்த அஸ்வத்திடம் போனில் சொன்னதும் நான்தான்.

அவரை எடை பார்க்க வெளியே அனுப்பிவிட்டு டாக்டர் என்னிடம் சொன்னது வேறு. மார்கழி தாண்டாது என்றார்.

அஸ்வத் தாங்கமாட்டான் என்று நினைத்தேன். தெருநாய் ஒன்று அடிபட்டதற்கு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவன் அவன். அவனிடமும் சொல்லவில்லை, அவன் அப்பாவிடமும் சொல்லவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்து ரசத்துக்குப் புளி கரைத்தேன்.

இப்போது அவனும் கீர்த்தியும் சென்னைக்கே வந்து எங்களோடு இருக்கப்போகிறார்கள். கீர்த்திக்கு எங்கள் மொசைக் தரை ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறதாம். மருமகள் வாயில் இப்படித்தான் வரும் என்று விட்டுவிட்டேன். ஆனால் மரத்தரை என்று கேட்டதும் அஸ்வத்தின் அப்பா முகம் மலர்ந்துவிட்டது.

"மரம்னா காலு சில்லுனு இருக்காதுடி. சீக்கிரம் போடச் சொல்லு," என்று காலையில்கூடச் சொல்லி அனுப்பினார். கொஞ்ச நாளாக அவருக்குப் பாதம் இரண்டும் சில்லிட்டுத்தான் கிடக்கிறது.

அஸ்வத் லேமினேட்டைத் தட்டிக் காட்டி, இதுவே இருக்கட்டும் என்றான். திங்கட்கிழமையே ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டார் அக்பர் பாஷா.

ஒரு நிமிஷம் என்று அஸ்வத் கையைக் காட்டினான். போனை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவுப் பக்கம் போய்க் கீர்த்தியிடம் பேசினான். எனக்குக் காது மந்தம் என்று அவனாகவே முடிவுகட்டி ரொம்ப நாளாகிறது.

"லேமினேட்டே போறும். ஆனா இப்ப வேண்டாம். அம்மா எதுக்குத் தண்ணி தண்ணிங்கறான்னு தெரியாதா என்ன? டாக்டர் எங்கிட்டயும் போன மாசமே சொல்லிட்டாரே. எல்லாம் முடிஞ்சு, ஆத்தை அலம்பி விட்டப்புறம் தை மாசம் போட்டுக்கலாம்."

என் மாமியாரைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போன அன்று, சமையலறையிலிருந்து வாசல்வரை பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் கொட்டி அந்த ஹாலை அலம்பி விட்டது நான்தான். இவன் சின்னப் பிள்ளையாக மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மறக்கவில்லை போலிருக்கிறது.

அப்பா இருக்கும்போதே அலம்புகிற கணக்குப் போடுகிறான். ஆனால் தப்பு சொல்ல முடியாது. பிள்ளை நன்றாகத்தான் யோசித்திருக்கிறான். பழைய மொசைக் எவ்வளவு தண்ணீரையும் தாங்கும்.

முடிவாக எது என்று அக்பர் பாஷா என்னைப் பார்த்துக் கேட்டார். பையன் சொன்னதே இருக்கட்டும் என்றேன்.

பிறகு மேஜைமேல் இருந்த தேக்குத் துண்டைக் கேட்டேன். சாம்பிள்தானே, எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்.

அவர் கட்டிலிலிருந்து இறங்கும்போது இரண்டு பாதமும் வைக்கிற அளவு இருந்தது.

அது எத்தனை வருஷம் வரும் என்று நான் கேட்கவில்லை.