தேனீப் பெட்டிக்கு ஓர் அட்டை

“யார் பேருக்கு எழுதணும்?” நிமிராமலே கேட்டாள் லாக்கன் அம்மா.

காலையிலிருந்து எழுதி எழுதி விரல் மரத்துப்போயிருந்தது. ஆனாலும் சலிப்பில்லை. வருஷத்தில் இந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு ரொம்பப் பிடித்த நாள்.

லூத்தரன் சர்ச், யூத ஜெபக்கூடம், பள்ளிவாசல் மூன்றும் சேர்ந்து டுலூத் நகரில் நடத்துகிற பரிசுச் சந்தை. இந்தத் தடவை சர்ச்சின் கீழ்த்தளத்தில். பள்ளிவாசல் பெண்கள் காய்ச்சிக் கொண்டுவந்த பருப்பு சூப்பின் வாசனை, கோட்டு மாட்டுகிற இடம் வரை வந்தது.

இங்கே வாங்குகிற எதையும் வீட்டுக்குத் தூக்கிப்போக முடியாது. ஆடு வாங்கினால், ஆடு எங்கோ ஓர் ஏழைக் குடும்பத்துக்குப் போய்விடும். வாங்கியவர் கைக்கு வருவது, ‘உங்கள் பெயரால் இது கொடுக்கப்பட்டது’ என்ற ஓர் அட்டைதான். பண்டிகைக்கு அதைத்தான் பரிசாக நீட்ட வேண்டும்.

சற்று முன்பு ஒருவர் மாமியார் பெயரில் ஆடு வாங்கினார். “அவங்க கேட்டது ஸ்வெட்டர். எனக்கு இந்த வருஷமும் திட்டு நிச்சயம்,” என்று சிரித்துக்கொண்டே போனார்.

அட்டையில் பெயர் எழுதுவது லாக்கன் அம்மாவின் வேலை. கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும்.

“அப்பாவுக்கு. தேனீப் பெட்டி வாங்கியிருக்கேன்,” என்றாள் எதிரே நின்ற பெண். “சால் குரேவிச்.”

பேனா நின்றது.

மை சரியாக வரவில்லை என்பதுபோல ஒரு துண்டுத் தாளில் கிறுக்கிப் பார்த்தாள் லாக்கன் அம்மா. பிறகுதான் நிமிர்ந்தாள்.

சாலின் அதே அடர்ந்த புருவம். தோளில் பயணப் பை. காலணியில் பனி இன்னும் கரையவில்லை. சிகாகோவிலிருந்து நேரே இங்கே வந்திருக்கிறாள், ஷிரா.

சால் கூடத்தில் இல்லை. பின்வாசல் படிகளில் உறைந்த பனியைச் சுரண்டப் போயிருந்தார். மகள் வருவது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஊருக்கே தெரிந்திருக்கும்.

‘சால் குரேவிச்’ என்று வழக்கத்தைவிட மெதுவாக எழுதி, அட்டையை நீட்டினாள்.

ஷிரா வாங்கிக்கொள்ளவில்லை.

“கூட இன்னொரு பேர் இருக்கு,” என்றாள். கையுறையின் விரல் நுனியை இழுத்து இழுத்து விட்டாள். “மே மாசம் அப்பா அந்தப் பேரைச் சொன்னப்போ போனை வெச்சுட்டேன். அப்புறம் எப்போ சொல்ல வந்தாலும் பேச்சை மாத்திடுவேன். அம்மா போய் நாலு வருஷந்தானே ஆச்சு, அதுக்குள்ள என்னன்னு.”

லாக்கன் அம்மாவுக்குக் காது மடல் சுட்டது.

“போன வாரம் பேசறப்போ அப்பா பாத்திரம் கழுவிட்டே பாடினார். அம்மா போனதுக்கப்புறம் அவர் பாடி நான் கேட்டதே இல்லை.” கொஞ்சம் சிரித்தாள். “சரி, எழுதுங்க. ஒரு வீட்டுக்கு ஒரு அட்டை போதுமே. வெர்னா. ஒரு ‘என்’னா, ரெண்டு ‘என்’னான்னு தெரியலை. நான்தான் கேட்டுக்கவே இல்லையே.”

“ஒண்ணுதான்.”

சொல்லிவிட்டு, சாலின் பெயருக்குப் பக்கத்தில் அதை எழுதினாள். அச்சுப் போன்ற அந்தக் கையெழுத்து கடைசி எழுத்தில் சாய்ந்துவிட்டது.

“அவங்களை உங்களுக்குத் தெரியுமா?” என்றாள் ஷிரா.

“பள்ளிக்கூடத்துல சேர்ந்த நாள்லேருந்து எழுதிட்டு வர்ற பேரும்மா இது.”

ஷிரா அட்டையைப் பார்த்தாள். பிறகு லாக்கன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வரிசையில் பின்னால் யாரோ இருமினார்கள்.

பையைத் தோளிலிருந்து இறக்கிச் சுவரோரம் வைத்தாள் ஷிரா. மேசையைச் சுற்றி வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீங்க எழுதுங்க,” என்றாள். “நான் கவர்ல போட்டுத் தர்றேன்.”