சமமான சிரிப்பு

ஆசிரியர் சங்கத்தின் சட்ட அலுவலர் அருள்தாஸ் களைத்துப்போயிருந்தார். வகுப்பறைகளில் சிரிப்பை எண்ணும் கேமரா வந்ததிலிருந்து தினமும் இதே வழக்குதான். ஆசிரியர்கள் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துச் சமமாகச் சிரிக்க வேண்டும். ஒரு பிள்ளைக்குக் குறைந்தாலும் குற்றச்சாட்டு வந்துவிடும்.

"ஒரே ஒரு பிள்ளையைப் பாத்து மட்டும் வருஷம் பூரா நீங்க சிரிக்கவே இல்லையாம். யாரு டீச்சர் அது?" என்று எதிரே இருந்த பூங்கோதையிடம் கேட்டார்.

"என் பொண்ணுதான் சார்," என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிறைமதியைக் காட்டினாள் பூங்கோதை. "சொந்தப் பிள்ளைக்குச் சலுகை காட்டுறான்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு அடக்கி அடக்கி, இப்ப வீட்லயும் வரமாட்டேங்குது."

அருள்தாஸ் கண்களைக் கசக்கிக்கொண்டார். "விடுங்க. சொந்தப் பிள்ளை கணக்குல சேராதுன்னு வாதாடி சுலபமா ஜெயிச்சிடலாம். தோத்தாத்தான் வம்பு. ஒரு இன்கிரிமெண்ட் போகும். அவளைப் பாத்து தினமும் சிரிக்கணும்னு உத்தரவும் போடுவாங்க."

நிறைமதி நிமிர்ந்தாள். "தினமுமா அங்கிள்?"

பூங்கோதை மகளைத் திரும்பிப் பார்த்தாள். அருள்தாஸ் பேனாவை மூடி வைத்தார்.

"டீச்சர்," என்றார் மெதுவாக, "இந்தக் கேஸ்ல தோத்துடலாமா?"