பச்சை மணிக் கயிறு

புதுச்சத்திரத்துப் பிற்பகல் வெயிலில் சன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நீண்டு கிடக்கிறது. நெடுஞ்சாலையில் லாரிகள் இரைகின்றன. கடலை உரித்துக்கொண்டிருந்த ரஞ்சிதாவின் கை, கைப்பேசியில் வந்த படத்தைக் கண்டதும் அப்படியே நின்றுவிடுகிறது. ஆப்பிரிக்காவில் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை செய்யும் அவள் கணவன் தனபால், சில நாட்களாக முகத்தைக் காட்டாமல் பறவைப் படங்களாகவே அனுப்புகிறான். இன்றைய படத்தில், முள்மரத்தில் பாதி பின்னிய கூட்டின்மேல் ஒரு மஞ்சள் குருவி. விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறாள். புல்லோடு புல்லாக ஒரு சிவப்புக் கயிறும் அதில் ஒரு பச்சை மணியும் தெரிகின்றன. அவன் புறப்பட்ட அன்று கோயிலில் வைத்து அவன் மணிக்கட்டில் அவள் கட்டிவிட்ட கயிறு. உடனே வீடியோவில் அழைக்கிறாள். "கையக் காட்டுங்க." "எதுக்கு அம்மிணி?" "காட்டுங்கன்னா!" முழங்கைவரை கட்டுப்போட்ட கை மெல்ல உயர்கிறது. "ரிக்குல துளை போடற ராடு மாட்டறப்ப கயிறு சிக்கிக்கிச்சு. அது அறுந்ததாலதான் கை தப்பிச்சுது. நீ பயந்துக்குவேன்னு சொல்லல." மடியிலிருந்த கடலை தரையெங்கும் சிதறுகிறது. "அது கூட்டுல இருக்கறத நான் பாக்கவே இல்ல. இப்பவே எடுத்துக் கட்டிக்கறேன்," என்கிறான். அவள் வேண்டாமென்று வேகமாகத் தலையாட்டுகிறாள். "தொடாதீங்க. பாவம், குருவி ஊடு கட்டுது. சாமி கயிறு அங்கயே இருக்கட்டும். நீங்க நம்ம ஊட்டுக்கு வாங்க, வேற கட்டியுடறேன்."