சீக்கிரம் திறந்த தெர்மோஸ்டாட்

மலைப்பாதையில் அடிக்கடி கொதித்துவிடும் லாரி எஞ்சினுக்குப் புது தெர்மோஸ்டாட் மாட்டினார்கள். ரேடியேட்டர் தண்ணீருக்குக் கதவைத் திறந்துவிடுவதுதான் அதன் வேலை. பழையதைவிடக் குறைந்த சூட்டிலேயே அது திறந்துவிடும்.

"இந்தச் சூட்டையே தாங்க மாட்டியா? முன்னால இருந்தவன் கடைசிவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு நிப்பான்" என்று எஞ்சின் இளக்காரமாகச் சிரித்தது.

"அவர் நின்னார், நீங்க கொதிச்சீங்கண்ணே" என்றது தெர்மோஸ்டாட், கொஞ்சமும் கூசாமல்.

மறுநாள் நெல் மூட்டைகளோடு ஏற்றம் தொடங்கியதுமே அது கதவைத் திறந்தது. குளிர்ந்த தண்ணீர் பாய்ந்து வந்தது. வழக்கமாகப் படுத்துவிடும் வளைவை எஞ்சின் மூச்சிரைக்காமல் தாண்டி உச்சியைத் தொட்டது.

அங்கே ஆவி கக்கிக்கொண்டு நின்ற இன்னொரு லாரியிடம், "எங்க தம்பிய மாதிரி ஒருத்தன உனக்கும் மாட்டச் சொல்லுப்பா" என்றது எஞ்சின்.

அதைக் கேட்ட தெர்மோஸ்டாட் பெருமையில் இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்துகொண்டது.