மூடிய கதவும் ஒரு லோடு தீவனமும்
பண்ணையின் இரும்புக் கதவை முட்டுவதுபோல் டிப்பர் லாரி நிற்கிறது. பின்னால், தார்ப்பாய்க்கு அடியில், மூட்டை கட்டாத மாட்டுத் தீவனம் குவிந்து கிடக்கிறது. வானம் கறுத்துவிட்டது, ஈரக்காற்றில் தார்ப்பாயின் ஓரம் படபடவென்று அடித்துக்கொள்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம், கொட்டகை வரைக்கும், புதிதாய்ப் போட்ட சிமெண்ட் பாதை கழுவித் துடைத்த தட்டுபோல் மினுங்குகிறது. அதற்குக் காவலாக மேனேஜர் இடுப்பில் கைவைத்து நிற்கிறார். "இங்கேயே கொட்டிட்டுப் போம்மா. முதலாளி வந்து பாக்குற வரைக்கும் பாதையில ஒரு டயர் தடம் படக்கூடாது." ஓட்டுநர் இருக்கையில் இருப்பவளை எல்லாரும் லாரியக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். டிப்பரைத் தூக்கும் லீவர் அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதைத் தொடாமல், கண்ணாடியில் முகம் பார்த்துக் கொண்டையை இறுக்கி முடிகிறாள். "மழையில நனைஞ்சா பூசணம் பூத்துடும், சார். அதத் தின்னுட்டு மாடு வயிறு ஊதிச் சாகணுமா? கூரைக்கு அடியிலதான் கொட்டுவேன்." "சொன்னதச் செய்யி. எனக்கே பாடம் எடுக்காத." அவள் வண்டியை நியூட்ரலில் வைத்து ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதிக்கிறாள்.

இஞ்சின் உறுமுகிறது. கொட்டகைக்குள் ஒரு மாடு கத்துகிறது. தீவன வண்டியின் சத்தம் மாடுகளுக்கு அத்துப்படி. அடுத்த நொடியில் கொட்டகை முழுக்கக் கத்துகிறது, சங்கிலிகள் இழுபடுகின்றன. மேனேஜரின் மூக்குக்கண்ணாடியில் முதல் துளி விழுகிறது. அவர் கொட்டகைப் பக்கம் திரும்பி, "சும்மா இருங்க!" என்று மாடுகளை அதட்டுகிறார். ஒன்றுகூட அடங்கவில்லை. லாரியக்கா மறுபடியும் மிதிக்கிறாள்.