துண்டு போட்டு மூடிய ஜாடி

"அம்மா, கிம்ச்சி ஜாடியை எங்க வெச்சே?"

"குளியல் தொட்டியில. மேல ரெண்டு துண்டு போட்டு மூடிட்டேன்."

"வாசனை?"

"மூணு ஊதுபத்தி எரியுது. இதுக்கு மேல நானும் தொட்டிக்குள்ள போய் உக்காரணும்."

மிஹோ சிரிக்கவில்லை. கிம்ச்சி, கொரியர்களின் காரமான முட்டைக்கோஸ் ஊறுகாய்; அதன் வாசனையே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒசாகாவிலேயே பிறந்து வளர்ந்த மூன்றாம் தலைமுறைக் கொரியர்கள் அவர்கள். வெளியே ஜப்பானியப் பெயர். இன்று வீட்டுக்குள்ளும் அதுதான். மாப்பிள்ளை ரியோஜிக்கே விஷயம் தெரியாது. அது தெரிந்துதான் மிஹோவின் அக்கா கல்யாணம் நின்றுபோனது.

ரியோஜியோடு அவன் அம்மா நிஷிதா வந்தாள். கைப்பையில் கொரிய நடிகர் ஒருவரின் படம். கையில் ஒரு டப்பா.

"நானே செஞ்ச கிம்ச்சி, சம்பந்தி. உங்களுக்குப் பழக்கம் இருக்காது. காரமா இருக்கும், பயப்படாதீங்க."

மிஹோவின் அம்மா சுமியே ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, பயந்தவள் மாதிரி தண்ணீர் குடித்தாள்.

"அம்மா ஒரு கொரியப் பைத்தியம்" என்றான் ரியோஜி. "எப்பப் பாரு நாடகம். தூக்கத்துலகூடக் கொரிய மொழியிலதான் உளறுவாங்க."

நிஷிதா கை கழுவக் குளியலறைக்குப் போனாள். சமையலறையில் மிஹோ அம்மாவின் காதைக் கடித்தாள்.

"உண்மையைச் சொல்லிடலாம்மா. கொரியான்னா உயிரை விடுறாங்களே."

"இரு, ஆழம் பாக்குறேன்."

நிஷிதா திரும்பி வந்ததும் சுமியே சிரித்தபடி கேட்டாள். "இவ்வளவு ஆசை இருக்கே, ஒரு கொரியப் பொண்ணையே மருமகளா எடுத்திருக்கலாமே?"

நிஷிதா மகனை ஒரு பார்வை பார்த்தாள்.

"டிவியில பாக்குறது வேற, வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றது வேற, இல்லையா?"

ரியோஜி விழுந்து விழுந்து சிரித்தான். மிஹோவின் முகம் செத்துப்போனது.

கிளம்பும் நேரம். ரியோஜி காரை எடுக்கப் போனான். மிஹோ பின்னால் போனாள்.

நடிகனுக்கு நடுவீட்டில் இடம், எங்களுக்கு வாசல்கூடக் கிடையாது என்று நினைத்தபடி சுமியே டப்பாவை அழுத்தி மூடினாள்.

"ருசியா இருந்துது. எந்த நாடகம் பாத்துக் கத்துக்கிட்டீங்க?"

நிஷிதா வாசலை எட்டிப் பார்த்தாள். குரல் இறங்கியது.

"நாடகப் பைத்தியம்னு பேர் வாங்கினப்புறம்தான் என் வீட்டுல இதை நிம்மதியா சாப்பிடுறேன். பையனுக்குத் தெரியாது."

சுமியேவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"பிள்ளைங்க வர்றதுக்குள்ள உங்க ஜாடியிலேர்ந்து ஒரு வாய் கொடுங்க, சம்பந்தி. ஆள் வந்தா எங்கம்மாவும் குளியல் தொட்டியிலதான் ஒளிச்சு வெப்பாங்க."