அண்ணன் கலந்த புகையிலை

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுப் பரணை ஒழித்தபோது, ஆறு வருடத்துக்கு முன் இறந்துபோன தன் அண்ணனின் புகைபிடிக்கும் பைப் கிடைத்தது. கூடவே ஒரு தகர டப்பா. உள்ளே அண்ணன் தன் கையால் கலந்த புகையிலை. எதை எதோடு சேர்த்தார் என்று கடைசிவரை அவர் மூச்சு விட்டதில்லை. அந்த வாசனைக்காகத் தம்பி ஏறி இறங்காத கடையில்லை.

இத்தனை வருடமாகியும் புகையிலை காயவே இல்லை. பைப்பில் அடைத்து மேசைமேல் வைத்துவிட்டு, தீப்பெட்டி தேடி சமையலறைக்குப் போனார்.

திரும்பி வந்தபோது பைப் புகைந்துகொண்டிருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"முழுசையும் தீத்துடாதீங்கண்ணே," என்றார். "எனக்கும் ரெண்டு இழுப்பு வைங்க."

பைப்பின் கங்கு நிதானமாக ஒருமுறை சிவந்து அடங்கியது.